ஏ-32: மன்னாரிலிருந்து சங்குப்பிட்டி வரை ஒரு நாள்

களுபோவில, வெள்ளவத்தைப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் கடலோரம் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் காலி வீதியில் தெற்கே திரும்புகிறார்கள். வடக்கிலும் ஒரே நாளில் ஓடி முடிக்கக்கூடிய கடலோர வீதி ஒன்று இருக்கிறது. மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டி வழியாகச் சென்று நாவற்குழியில் ஏ-9 உடன் சேரும் ஏ-32 தான் அது. யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 2008இல் மன்னார் மக்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்து போனதும் இந்த வீதியால்தான். ஆகவே இதை வெறும் காட்சிப் பயணமாக ஓடிவிட்டு வரமுடியாது.

புறப்பட முன்

கொழும்பிலிருந்து மன்னார் 300 கிலோமீற்றருக்கும் மேல். அதையும் ஏ-32ஐயும் ஒரே நாளில் ஓட முயல வேண்டாம். முதல் நாளே மன்னாரில் தங்கிவிடுங்கள். பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மன்னாரிலேயே பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள். பாலங்களில் பக்கக் காற்று பலமாக அடிக்கும். மாலையானால் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் வீதியை விட்டு இறங்க வேண்டாம்.

மன்னார் – விடத்தல்தீவு

தீவிலிருந்து பெருநிலத்துக்கு வரும் தாம்போதியில் இருபுறமும் கடல். பருவத்தில் பூநாரைகள் வரும். தள்ளாடியில் வடக்கே திரும்பினால் சற்றுத் தூரத்தில் திருக்கேதீஸ்வரம். போர்த்துக்கேயர் இடித்த பழைய ஈச்சரம் பின்னர் மீளக் கட்டப்பட்டது. கோயிலுக்குப் போகும் வழியில்தான் 2013 டிசம்பரில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. எண்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன.

விடத்தல்தீவு கடற்புலிகளின் தளமாக இருந்தது. 2008 ஜூலையில் இராணுவம் கைப்பற்றியது. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் ஊர்களும் இந்தக் கரையில் உண்டு. அந்த இழப்பையும் சேர்த்தே இந்த வீதியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இங்குள்ள கண்டல் காடும் கடற்புல்லும் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டன. அதில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024இல் வர்த்தமானி வந்தது. எதிர்த்து வழக்கும் தொடரப்பட்டது.

வெள்ளாங்குளம் – பூநகரி

இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், நாச்சிக்குடா, ஜெயபுரம். இங்கே வயலும் குளமும் பற்றையுமாக வீதி உள்நாட்டால் போகிறது. கடலைப் பார்க்க மேற்கே கிளைவீதிகளில் இறங்க வேண்டும். 2008 ஜூலையிலிருந்து நவம்பர் வரை போர்முனை இந்த ஊர்களைக் கடந்து வடக்கே நகர்ந்தது. மக்கள் உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் கிளிநொச்சிக்கும், பிறகு முல்லைத்தீவுக்கும் போனார்கள். முழங்காவிலில் இருந்த துயிலும் இல்லம் போருக்குப் பின் இடிக்கப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் நவம்பர் 27இல் உறவினர்கள் அங்கே விளக்கேற்றுகிறார்கள். நிற்பதானால் இயந்திரத்தை நிறுத்துங்கள். கேட்காமல் யாரையும் படமெடுக்க வேண்டாம்.

பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையின் சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன. நேரமிருந்தால் மேற்கே கௌதாரிமுனைக்குப் போங்கள். மணல் மேடுகளும் மண்ணித்தலைப் பழைய சிவன் கோயிலும் அங்கே உண்டு. 2021இல் கடலட்டைப் பண்ணைக்கு எதிராக உள்ளூர் மீனவர்கள் குரல் எழுப்பிய கரையும் அதுதான்.

சங்குப்பிட்டி

முன்பு இங்கிருந்து கேரதீவுக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். 1991இல் இராணுவம் பூநகரியில் முகாமிட்டு இவ்வழி மூடப்பட்டதும், குடாநாட்டு மக்கள் கிளாலியில் இரவில் படகேறினார்கள். கடற்படையின் தாக்குதலில் அந்த நீரில் பலர் இறந்தார்கள். 1993 நவம்பரில் புலிகள் பூநகரி முகாமைத் தாக்கினர். 288 மீற்றர் நீளமான இன்றைய பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாலை ஐந்தரைக்குள் இங்கே வந்துவிட்டால் களப்பில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம்.

சாப்பாட்டைக் கொழும்பிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். மீளக் குடியேறியவர்கள் நடத்தும் சிறு கடைகள் முழங்காவிலிலும் பூநகரியிலும் இருக்கின்றன. தேநீர் குடித்துக்கொண்டே எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டால், விருப்பமுள்ளவர்கள் சொல்வார்கள். வீதியோரப் பலகைகளில் அது எழுதப்படவில்லை.