வந்தே பாரத்தில் ஒரே நாளில் சென்னை போய்ட்டு வரலாமா? செல்லூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு

விசா நேர்காணல், ஆஸ்பத்திரின்னு சென்னைக்குப் போகணும். ஆனா தறி வேலையை ஒரு நாளுக்கு மேல் விட முடியாது. வந்தே பாரத் கைகொடுக்குமா?

நேரம் எப்படி?

நெல்லை - சென்னை எழும்பூர் வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. வாரத்தில் 6 நாள்தான் ஓடும். காலை 8 மணியையொட்டி மதுரையில் ஏறினால், பிற்பகல் 2 மணி வாக்கில் எழும்பூர். அதே ரயில் 3 மணிக்குள் திரும்பக் கிளம்பிவிடும். சென்னையில் கிடைப்பது சுமார் ஒரு மணி நேரம்தான்!

செலவு எவ்வளவு?

சேர் காரில் ஒரு வழிக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சாப்பாடு வேண்டாம்னு சொன்னால் கொஞ்சம் குறையும். போக, வர 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து, சுமார் 12 மணி நேரம் உட்கார்ந்தே பயணிக்க வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

முதல் நாள் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் எடுத்தால் 500 ரூபாய்க்குள் முடியும். விடிவதற்குள் சென்னை. மதியத்துக்குள் வேலை முடிந்தால், திரும்ப மட்டும் வந்தே பாரத். இரவு எட்டரை வாக்கில் மதுரை. வேலை இழுத்தால் இரவு பாண்டியனிலேயே திரும்பலாம். லாட்ஜ் செலவு இல்லை. வேலை போவதும் ஒரு நாள்தான்.

நேரம், கட்டணம் மாறலாம். டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.