தாய்நாட்டுக்குத் திரும்பிய நாற்று



தேவதானத்துக்கு மேற்கே உள்ள மலையில் பைன் மரம் கிடையாது. கொடைக்கானலில் நாம் பார்ப்பதும் நட்டு வளர்த்ததுதான். இந்த மரங்களைக் கொன்ற ஒரு பூஞ்சை நோயின் வரலாறு, கன்று வாங்கி நடும் நம் எல்லோருக்கும் பாடம்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் தங்கள் வெள்ளைப் பைன் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். மீண்டும் நட நினைத்தபோது உள்ளூரில் போதுமான நாற்று இல்லை. ஐரோப்பாவில் மலிவாகக் கிடைத்தது. அதே அமெரிக்க மரத்தின் விதை எப்போதோ கடல் கடந்து போய், அங்கே நாற்றாக வளர்ந்திருந்தது. லட்சக்கணக்கில் இறக்குமதி செய்தார்கள். 1909இல் ஜெர்மனியிலிருந்து வந்த நாற்றுகளில் நோய் இருப்பது தெரிந்தது. சொந்த மரம், அந்நிய நோயோடு வீடு திரும்பியிருந்தது.

இந்தத் துருப்பூஞ்சை ஊசியிலை வழியாக நுழைந்து, கிளைக்கும் தண்டுக்கும் இறங்கும். பட்டை வீங்கி வெடித்துப் புண்ணாகும். புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேல் உள்ள பகுதி காய்ந்துபோகும். ஒரு பைனிலிருந்து இன்னொரு பைனுக்கு இது நேராகப் பரவாது. நடுவில் கூஸ்பெரி வகைப் புதர் வேண்டும். அதனால் 1930களில் பெரும் ஆள்படையை வைத்துக் காடு காடாகப் புதர்களைப் பிடுங்கினார்கள். மேற்கு மலைகளில் அது பலிக்கவில்லை. அங்குள்ள வெண்பட்டைப் பைன் 2022இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. முக்கியக் காரணம் இந்த நோய்.

நம் இமயமலைச் சிர் பைனுக்கும் இதற்கு உறவான ஒரு பூஞ்சை உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பாக்சி அதை ஆராய்ந்து பெயரிட்டார். அதற்கு நடுவில் வேண்டிய செடி, கசப்பு மருந்துக்குப் பயன்படும் சுவெர்ஷியா. இளங்கன்றுகளை அது கொல்கிறது. ஆனாலும் காடு நிற்கிறது. அந்த மரத்துக்கு அது ஊர்க்காரப் பகை. அமெரிக்க மரத்துக்கோ முன்பின் தெரியாத பகை.

இந்த அடிக்குப் பிறகு அமெரிக்கா 1912இல் தாவரத் தடுப்புக் காப்புச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலும் 1914இல் பூச்சி, நோய் தடுப்புச் சட்டம் வந்தது.

நோய் புகுந்த பைன் நாற்று இரண்டு மூன்று ஆண்டுகள்கூட நோய் தெரியாமல் பச்சையாகவே நிற்கும். ஆகவே மாங்கன்றோ எலுமிச்சைக் கன்றோ வாங்கும்போது செழிப்பை மட்டும் பார்க்காதீர்கள். எந்த ஊர் நாற்றங்கால், எந்தத் தாய்மரம் என்று கேட்டு வாங்குங்கள்.