மௌனமும் ஓர் உரிமை

ஸ்ரீராம்புரத்துப் பள்ளிகளிலே பல மொழியும் பல சமயமும் சார்ந்த பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று நாட்டுப்பண் பாடுகின்றனர். அவ்வரிசையில் ஒரு பிள்ளை வாய் திறவாது நிற்பின் அது குற்றமாகுமோ?

கேரளத்துக் கிடங்கூர்ப் பள்ளியில் இவ்வினா எழுந்தது. 'யெகோவாவின் சாட்சிகள்' என்னும் சமயக் குழுவைச் சார்ந்த மூன்று பிள்ளைகள், பண் ஒலிக்கையில் மரியாதையுடன் எழுந்து நின்றனர்; தம் நம்பிக்கைக்கு ஒவ்வாதெனப் பாடாதிருந்தனர். நெடுநாள் எவரும் அதனைக் குறையெனக் கொள்ளவில்லை. சட்டமன்றத்தில் அது பேசப்பட்ட பின்னர், 1985 ஜூலை 26-இல் மூவரும் நீக்கப்பெற்றனர். கேரள உயர் நீதிமன்றமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.

1986 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் ஆகியோர் தீர்ப்பளித்தனர். பாடியே தீரவேண்டுமென விதிக்கும் சட்டம் யாதுமில்லை. எழுந்து நின்றதே மரியாதை. நீக்கியது அரசியலமைப்பின் 19, 25-ஆம் பிரிவுகள் நல்கும் பேச்சுரிமைக்கும் சமய உரிமைக்கும் முரண் என்றனர். பிள்ளைகளை மீண்டும் சேர்க்கப் பணித்தனர். இதே குழுவினர் தொடுத்த கொடிவணக்க வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1943-இல் இத்தகைய முடிவே கண்டது.

மொழியாற் சிறுபான்மையராய் இந்நகரில் வாழும் நமக்கு இத்தீர்ப்பின் அருமை எளிதில் விளங்கும். ஊரார் பாடுகையில் எழுந்து நிற்றல் ஒருவன் கடன். அவன் மௌனத்தைப் பொறுத்தல் ஊரார் கடன்.