ஒன்றும் கேளாமல் பிறக்கும் பொருள்



பால் வெட்டுக்குப் போகிறவர்கள் மரத்தடியில் முதலில் மங்கைத்தான் பார்ப்பார்கள். இரவு பெய்த மழைநீரோ பழைய கட்டிப்பாலோ கிடந்தால், அதை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் உளியை வைப்பார்கள். கணினியின் நினைவகமும் இப்படித்தான். முந்திய கணக்கின் எண் அங்கே அப்படியே கிடக்கும். பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்த சி என்னும் நிரல்மொழியில், பல இடங்களில் அதைத் துடைப்பது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பாக இருந்தது. அவர் மறந்துவிட்டால்? புதிதாகச் சேர்ந்த தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எவனோ வாங்கிய முன்பணம் கழிந்துபோகலாம். இன்று சரியாக வந்த கணக்கு நாளை தவறும்; காரணமும் இலேசில் அகப்படாது.

இதற்கு வழி முன்பே நார்வேயில் தோன்றியிருந்தது. ஆஸ்லோ நகரில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர் அமைத்த சிமுலா 67 மொழியில், ஒரு பொருள் உருவானதும் அதற்குரிய தொடக்க வேலைகள் தாமாகவே நடந்தன. கேம்பிரிட்ஜில் படித்தபோது அம்மொழியைக் கையாண்ட டென்மார்க்குக்காரர் பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, சி மொழியில் அந்த வசதியைப் புகுத்தினார். 1983-இல் அதற்கு சி பிளஸ் பிளஸ் என்று பெயர் வந்தது. பொருளைப் பிறப்பிக்கும் அந்தப் பகுதிக்குக் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆக்கி, என்று பெயர்.

சில ஆக்கிகள் பெயர், எண் என்று விவரம் கேட்கும். சில ஒன்றுமே கேளா. நூறு பொருள்களை ஒரே வரிசையாக உருவாக்கச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விவரம் தராதபோது கேளாத ஆக்கிதான் கைகொடுக்கும். நாம் ஆக்கியே எழுதாவிட்டால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒன்றும் கேளாத ஆக்கியைத் தானே தந்துவிடுகிறது. ஆனால், விவரம் கேட்கும் ஆக்கி ஒன்றை நாம் எழுதினோமோ, அந்த இலவசம் நின்றுவிடும். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஏன் மறுக்கிறது என்று மாணவர்கள் விழிப்பது இங்கேதான். பெயரில்லாத ஆளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்ட பிறகு, கம்பைலர் பெயரில்லாமல் ஏற்றலாமா? நியாயமான விதி என்றே நமக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் நாம் மெச்சுவதற்கில்லை. சி பிளஸ் பிளஸில் இலவசமாக வரும் ஆக்கி, எண்ணுக்குரிய இடத்தைத் தானாகத் துடைப்பதில்லை. பழைய மழைநீர் அங்கேயே நிற்கக்கூடும். 1995-இல் வெளிவந்த ஜாவா மொழி, இலவச ஆக்கி பற்றிய விதியை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்த ஆக்கியும் வேலையைத் தொடங்குமுன்பே, பொருளிலுள்ள எண்களுக்கான இடங்களை எல்லாம் 0 ஆக்கிவைத்துவிடுகிறது.