சியோனான் நகராட்சி: 1942–1945

1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்ததும் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஊருக்குச் சியோனான் எனப் பெயரிட்டனர். மார்ச் மாதம் சிறப்பு நகராட்சி ஒன்றை நிறுவி, ஜப்பானிய உள்துறையில் பணியாற்றிய ஒதாச்சி ஷிகேயோவை மேயராக்கினர். 1943இல் அவருக்குப் பின் நைத்தோ கனிச்சி வந்தார்.

பிரிட்டிஷார் வகித்த உயர் பதவிகளில் ஜப்பானியர் அமர்ந்தனர். குடிநீர், மின்சாரம், துப்புரவு ஆகியவை நின்றால் நகரமே முடங்கும் என்பதால், சீன, மலாய், தமிழ் எழுத்தர்களும் தொழிலாளர்களும் கீழ்நிலைப் பணிகளில் தொடர்ந்தனர். அரிசிப் பங்கீடும் நகராட்சியின் பொறுப்பில் இருந்தது. ஆயினும் இறுதி அதிகாரம் ராணுவ நிர்வாகத்திடமே இருந்தது. பஞ்சமும் அச்சமும் மக்களை வாட்டின.

1945 செப்டம்பர் 12 அன்று நகராட்சிக் கட்டடத்திலேயே ஜப்பானியர் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்டனர். அடுத்து பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் பொறுப்பேற்றது. 1946 ஏப்ரலில் குடியியல் ஆட்சி திரும்பியது.