கிளாமாரின் ஞாயிற்றுக்கிழமைகள்: பாரிசின் கருப்பின மாணவர்கள், 1931–1935

1931 மே முதல் நவம்பர் வரை, பாரிசின் கிழக்கு எல்லையிலுள்ள வேன்சேன் காட்டில், பிரெஞ்சுப் பேரரசு தன் குடியேற்ற நாடுகளைக் காட்சிப்பொருளாக விரித்து வைத்திருந்தது. அங்கோர் வாட் கோயிலின் மாதிரி எழுப்பப்பட்டது. பிரெஞ்சு இந்தியாவுக்கும், அதாவது நம் புதுச்சேரி, காரைக்காலுக்கும், ஒரு மண்டபம் இருந்தது. விற்ற நுழைவுச்சீட்டுகள் ஏறத்தாழ 3.3 கோடி. அந்த இலையுதிர்காலத்தில்தான் மார்த்தினிக் தீவிலிருந்து உதவித்தொகையுடன் வந்த 18 வயது எமே செசேர், லூயி-ல-கிரான் பள்ளியில் செனெகல் நாட்டின் லெயோபோல் செங்கோரைச் சந்தித்தார்.

இவர்களை அயல்நாட்டு மாணவர்கள் என அழைக்கலாமா என்பதே ஒரு சிக்கல். மார்த்தினிக்கில் பிறந்தவர் பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகன். செங்கோரோ பேரரசின் 'குடிபடை' மட்டுமே. பின்னாளில் குடியுரிமை பெற்ற பிறகுதான் 1935இல் இலக்கணத்துக்கான அக்ரெகாசியோன் தேர்வில் அவர் வெல்ல முடிந்தது. ஒரே வகுப்பறை, ஒரே நிறம், இரு வேறு சட்டநிலைகள்.

அந்நகரின் பண்பாட்டு வாழ்வு இவர்களுக்காக ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை. ப்ளோமே தெருவின் நடன அரங்கில் மார்த்தினிக் மக்கள் தம் பிகின் இசைக்கு ஆடினர். பாரிசின் கலைஞர்கள் அவர்களைப் பார்க்க வந்தனர். பார்வையாளர் யார், பார்க்கப்படுபவர் யார் என்பது அங்கே முன்னரே முடிவாகியிருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியே ஓர் இடம் தேவைப்பட்டது. அதைத் தந்தவர், சோர்போனில் ஆங்கிலம் பயின்ற போலெத் நர்தால்.

நகருக்குத் தென்மேற்கே கிளாமாரில், போலெத்தும் அவருடைய சகோதரிகளும் வாழ்ந்த இல்லத்தில், ஞாயிறுதோறும் ஆப்பிரிக்கரும் கரீபியரும் அமெரிக்கக் கருப்பினத்தவரும் கூடினர். ஆங்கிலமும் பிரெஞ்சும் மாறிமாறி ஒலித்தன. ஹார்லெம் எழுத்தாளர்களின் ஆக்கங்கள் பிரெஞ்சு பேசும் மாணவர்களை வந்தடைந்த வழிகளுள் முதன்மையானது இதுவே. 1931 நவம்பரில் தொடங்கி ஆறே இதழ்களுடன் நின்றுபோன 'கருப்புலக இதழ்' இருமொழிகளிலும் அச்சானது. மொழிபெயர்ப்பு அங்கே ஓர் இலக்கியப் பணி மட்டுமன்று. ஒரே வரலாற்றால் சிதறடிக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேறு வழியே இல்லை.

சொல்லாய்வில் ஆர்வமுள்ளோர் இங்கே சற்று நிற்கலாம். 1935இல் இம்மாணவர்கள் நடத்திய இதழின் பெயர் 'கருப்பின மாணவன்'. அதில் இடம்பெற்றது 'நுவார்' என்ற பொதுச்சொல். ஆனால் அவ்விதழில் செசேர் முன்வைத்த 'நெக்ரித்யூத்' என்ற கருத்தாக்கத்தின் பகுதி 'நெக்ர்' என்ற வசைச்சொல். பண்புப்பெயர் ஆக்கும் அதன் விகுதியோ இலத்தீன் மரபில் வந்த, கல்விமணம் கமழும் ஒன்று. அடிமைநிலையைச் சுட்டும் 'செர்வித்யூத்' என்ற சொல்லிலும் அதே விகுதியே அமைந்துள்ளது. தெருவின் இழிசொல்லையும் சோர்போனின் உருபையும் ஒட்டிய இந்த ஆக்கத்தை, இரண்டிலும் தோய்ந்த ஒருவரால் மட்டுமே செய்திருக்க முடியும்.

மாணவ நட்புகள் எதிர்பாராத திசைகளிலும் நீண்டன. யுகோஸ்லாவிய மாணவரும் பின்னாளில் புகழ்பெற்ற மொழியியலாளருமான பெதார் குபெரினா, 1935 கோடையில் செசேரைத் தம் தல்மாத்தியக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே 'மார்த்தின்ஸ்கா' என்ற பெயரைக் கேட்ட செசேருக்குத் தம் தீவு நினைவில் எழுந்தது. அவருடைய நெடுங்கவிதையின் தொடக்கம் அப்பயணத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. செங்கோரின் பாதையோ நம்மை நோக்கி வந்தது. பாரிசில் அவர் ஆப்பிரிக்க மொழிகள் பயின்ற லிலியாஸ் ஓம்பர்ஜேர், ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவுண்டு என வாதிட்டவர். செனெகலின் குடியரசுத் தலைவரான செங்கோர், 1974இல் சென்னையில் நெக்ரித்யூதையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரையாற்றினார். அந்த மொழியுறவுக் கோட்பாட்டை இன்றைய வரலாற்று மொழியியல் ஏற்பதில்லை. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆயினும் 1930களின் பாரிஸ் வகுப்பறை ஒன்றின் எதிரொலி சென்னை மேடை வரை நீண்டதைப் பிழையான கோட்பாடு என்ற ஒற்றைத் தொடரால் கடந்துவிட இயலாது.

நம் பாடத்திட்டங்களில் நெக்ரித்யூத் பெரும்பாலும் செசேர், செங்கோர், தமா என்ற மூன்று ஆண்களின் கதையாகவே வருகிறது. செசேர் கிளாமாருக்கு அதிகம் சென்றவரல்லர் என்பது உண்மை. ஆனால் கருப்பின மாணவர்களிடையே விழித்தெழும் இன உணர்வைப் பற்றி நர்தால் 1932இலேயே தம் இதழில் எழுதிவிட்டார். 'நெக்ரித்யூத்' அச்சேறியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. 1960களில் ஓர் ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் முன்வைத்த கருத்துகளையே அவ்விளைஞர்கள் பகட்டோடு எடுத்தாண்டனர் என்றும், தாங்கள் பெண்களாக இருந்ததே மறக்கப்பட்டதற்குக் காரணம் என்றும் அவர் குறிப்பிட்டார். அவர் 1985இல் மறைந்தார். பாரிசின் 14ஆம் வட்டாரத்தில் ஒரு நடைபாதைக்கு அவர் பெயரும் சகோதரி ழானின் பெயரும் சூட்டப்பட்டது 2019இல்.