ஆறு மாசம் உனக்கு, ஆறு மாசம் எனக்கு

ஒரு தீவுக்கு நடுவுல ரெண்டு நாட்டு எல்லைக்கோடு போகுதுன்னா வழக்கமா என்ன பண்ணுவாங்க? வேலி போடுவாங்க, இல்லைன்னா சண்டை போடுவாங்க. பெரும்பாலும் ரெண்டும். ஆனா பிரான்சும் ஸ்பெயினும் ஒரு தீவை நிலத்துல வெட்டாம காலண்டர்ல வெட்டி வச்சிருக்காங்க. பிப்ரவரி 1-லிருந்து ஜூலை 31 வரைக்கும் தீவு ஸ்பெயின் பொறுப்பு. ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 31 வரைக்கும் பிரான்ஸ் பொறுப்பு. அப்புறம் மறுபடி ஸ்பெயின். நூறு வருஷத்துக்கும் மேலா இப்படியே ஓடுது.

தீவோட பேரு ஃபெசன்ட் தீவு. பிதாசோவா ஆறு கடல்ல கலக்குறதுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி இருக்கு. ஒரு கரையில ஸ்பெயினோட இரூன் நகரம், எதிர்க்கரையில பிரான்சோட ஆந்தாய். சுமார் 200 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். நம்ம கணக்குல ரெண்டு ஏக்கர் கூட வராது. யாரும் குடியில்லை. கொஞ்சம் மரம், புல்லு, நடுவுல ஒரு நினைவுக்கல். அவ்ளோதான். ஃபெசன்ட்னா நம்ம காட்டுக்கோழி, மயிலுக்கெல்லாம் தூரத்துச் சொந்தமான பறவை. அதுவும் அங்க கிடையாது! 'கடக்கும் இடம்'னு பொருள்படுற பழைய பேரு ஒண்ணு வாய் மாறி, மொழி மாறி, கடைசியில கோழியில வந்து நின்னுடுச்சுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. கூடுவாஞ்சேரி, குரோம்பேட்டைக்கெல்லாம் பேர்க்காரணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசில்லை :-)

இந்தத் துக்கடா இடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ரெண்டு ராஜாக்களும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகாம சந்திச்சுக்கணும்னா நடு ஆறுதான் வசதி. முதல்ல வந்தவன் தாழ்ந்தவன், காத்திருந்தவன் இளைச்சவன்னு பேச்சு வந்துடக் கூடாதே!

1525-ல பவியா சண்டையில பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா, பேரரசர் ஐந்தாம் சார்லஸோட படைகிட்ட மாட்டிக்கிட்டார். மாட்ரிட்ல சிறை. அடுத்த வருஷம் ஒரு ஒப்பந்தம் போட்டு வெளிய விட்டாங்க. ஆனா சும்மா விடலை. அவரோட ரெண்டு பசங்களைப் பணயமா கேட்டாங்க. மூத்தவனுக்கு 8 வயசு, இளையவனுக்கு 7 கூட முடியலை. 1526 மார்ச் 17-ம் தேதி பிதாசோவா ஆத்து நடுவுல ஒரு மிதவை. இந்தக் கரையில இருந்து அப்பாவை ஏத்திக்கிட்டு ஒரு படகு, அந்தக் கரையில இருந்து பசங்களை ஏத்திக்கிட்டு இன்னொரு படகு. மாத்திக்கிட்டாங்க. கரை ஏறின பிரான்சுவா, 'சிறையில வச்சு வாங்கின கையெழுத்து செல்லாது'ன்னு ஒப்பந்தத்தையே தூக்கிப் போட்டுட்டார். பசங்க? நாலு வருஷத்துக்கும் மேல ஸ்பெயின்ல சிறை. 20 லட்சம் தங்க எக்யூ பிணைத்தொகைன்னு பேசி முடிச்ச பிறகு 1530-லதான் திரும்பி வந்தாங்க. அந்த இளையவன்தான் பின்னாடி இரண்டாம் ஹென்றின்னு பிரான்சை ஆண்டது. அரசியலுக்காகப் பெத்த பிள்ளைய அடகு வைக்கிறதுன்னா இதுதான்.

அடுத்தது 1615. இந்தத் தடவை பசங்க இல்லை, பொண்ணுங்க. ஸ்பெயின் இளவரசி ஆன், பிரான்ஸ் மன்னர் பதிமூணாம் லூயிக்கு. லூயியோட தங்கச்சி எலிசபெத், ஆனோட தம்பி பிலிப்புக்கு. நம்ம ஊர்ல பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறதுன்னு சொல்வோமே, அச்சு அசல் அதே. ரெண்டு பொண்ணும் ஒரே நேரத்துல ரெண்டு கரையில இருந்து கிளம்பி, ஆத்து நடுவுல ஒருத்தரை ஒருத்தர் கடந்து போனாங்க. ஆனுக்கு அப்ப 14 வயசு. எலிசபெத்துக்கு அதுகூட முடியலை.

சம்பந்தி ஆனா சண்டை வராதான்னா, அதெல்லாம் சம்பந்திங்களுக்குள்ளதானே அதிகம் வரும்! 1635-ல ஆரம்பிச்ச பிரான்ஸ்-ஸ்பெயின் போர் 24 வருஷம் இழுத்துச்சு. ரெண்டு கஜானாவும் காலியானப்புறம் 1659-ல பேச்சுவார்த்தைக்கு வந்தாங்க. இடம் நம்ம தீவு. பிரான்ஸ் பக்கம் கார்டினல் மசாரின், ஸ்பெயின் பக்கம் தோன் லூயிஸ் தே ஆரோ. இதுக்குன்னே தீவுல ஒரு கட்டடம் கட்டினாங்க. பாதி பிரான்ஸ், பாதி ஸ்பெயின். ரெண்டு கரைக்கும் தனித்தனிப் பாலம், தனித்தனி வாசல், நடுவுல பொதுக்கூடம். எல்லைக்கோடு அந்தக் கூடத்துக்கு நடுவுல போறதா வச்சுக்கிட்டு, அவரவர் நாட்டை விட்டு நகராமலே எதிரெதிரா உக்காந்து பேசினாங்க. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு இருபது தடவைக்கும் மேல உக்காந்து, நவம்பர் 7-ம் தேதி கையெழுத்து. இதான் பிரனீஸ் ஒப்பந்தம். ரூசியோன், ஆர்த்துவா எல்லாம் பிரான்சுக்குப் போச்சு. மலைப்பக்கம் செர்தான்யால 33 கிராமத்தை பிரான்சுக்குக் கொடுக்கிறதா முடிவாச்சு. அங்க இருக்கிற யீவியா கிராமம் இல்லை, நகரம்னு சொல்லி ஸ்பெயின் விட்டுக்கொடுக்கலை. அதனால இன்னைக்கும் யீவியா நாலு பக்கமும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பெயின் ஊரா இருக்கு. ஒப்பந்தத்துல ஒரு வார்த்தை எவ்வளவு முக்கியம் பாருங்க. ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் எழுதுறவங்க கவனிக்க.

ஒப்பந்தத்தோட முக்கியமான ஷரத்து கல்யாணம். மாப்பிள்ளை பதினாலாம் லூயி, பொண்ணு ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசா. லூயியோட அம்மா, 1615-ல இந்த ஆத்தைக் கடந்த ஆன். பொண்ணோட அம்மா, அதே நாள் எதிர்ப்பக்கம் கடந்த எலிசபெத். அதாவது லூயிக்கு இவ மாமா பொண்ணும் ஆச்சு, அத்தை பொண்ணும் ஆச்சு. ரெண்டு பக்கமும் முறை! ரெண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் வெறும் அஞ்சு நாள்.

1660 ஜூன் முதல் வாரம். ஸ்பெயின் மன்னர் நாலாம் பிலிப் பொண்ணைக் கூட்டிக்கிட்டுத் தீவுக்கு வர்றார். எதிர்ல ஆன், அவரோட அக்கா. 45 வருஷம் ஆச்சு ரெண்டு பேரும் பார்த்து. இடையில அக்கா வாழ்ந்த நாட்டோடயே தம்பி கால் நூற்றாண்டு போர் பண்ணியிருக்கார். ஸ்பெயின் அரண்மனை வழக்கப்படி ராஜா கட்டிப்பிடிச்சுக் கொஞ்சக் கூடாதாம், அதனால அவர் விறைப்பாவே நின்னாராம். எனக்கு இந்த வரலாறு முழுக்கவே இந்த ஒரு இடத்துலதான் மனசு நிக்குது. அப்புறம் பொண்ணை ஒப்படைச்சுட்டுப் போயிட்டார். 1665-ல செத்துப் போனார். மகளை மறுபடி பார்க்கவே இல்லை.

ஸ்பெயின் பக்க அலங்கார வேலையெல்லாம் பார்த்தது யார் தெரியுமா? ஓவியர் வெலாஸ்கஸ். 'லாஸ் மெனினாஸ்' வரைஞ்ச அதே மனுஷன். அரண்மனை உத்தியோகத்துல அவர் பொறுப்பு, ராஜா போற வழியில தங்கற ஏற்பாடு, திரைச்சீலை, அலங்காரம் பார்க்கிறது. மாட்ரிட் திரும்பினவர் கொஞ்ச நாள்ல படுத்துட்டார். ஆகஸ்ட் 6-ம் தேதி இறந்துட்டார். அலைச்சல்தான் காரணம்னு ரொம்பப் பேர் எழுதியிருக்காங்க. அந்த மாதிரி ஒரு கலைஞனை ஆணி புடுங்க அனுப்பினா வேறென்ன ஆகும்?

கல்யாணத்தால சமாதானம் வந்துச்சா? ஸ்பெயின் 5 லட்சம் தங்க எஸ்குதோ சீர் தரணும், பதிலுக்குப் பொண்ணு ஸ்பெயின் மகுடத்துல உரிமை கேக்கக் கூடாது. இதான் பேச்சு. சீர்ப்பணம் வரவே இல்லை. அதையே சாக்கா வச்சு 1667-ல லூயி படையெடுத்தார். 1700-ல ஸ்பெயின் மன்னர் வாரிசில்லாம இறந்ததும் லூயியோட பேரன் போய் அங்க அரியணையில உக்காந்தான். அதுக்கு இன்னொரு பெரிய போர். இன்னைக்கு ஸ்பெயின் மன்னரா இருக்கிற ஆறாம் ஃபெலிப்பே அந்த வம்சம்தான். வராத சீர்ப்பணத்தோட விளைவு எங்க போய் முடிஞ்சிருக்கு பாருங்க.

ராஜாக்கள் போனாங்க, மீனவர்கள் இருந்தாங்க. இந்த ஆத்துல யார் வலை போடலாம்னு ரெண்டு கரைக்கும் நூத்தாண்டுக் கணக்குல தகராறு. ஆறு மொத்தமும் எங்களுதுன்னு ஸ்பெயின் கரை ஊர்க்காரங்க உரிமை கொண்டாடினாங்க. 1856 டிசம்பர் 2-ம் தேதி பயோன் ஒப்பந்தத்துலதான் ஆத்து நடுவுல கோடு கிழிச்சாங்க. தீவை மட்டும் பிரிக்காம ரெண்டு பேருக்கும் பொதுன்னு வச்சாங்க. 1861-ல நினைவுக்கல் நட்டாங்க. பொதுச்சொத்துன்னா என்ன ஆகும்? யார் காவல், யார் வழக்குன்னு குழப்பம். அதனால 1901 மார்ச்ல இன்னொரு உடன்படிக்கை போட்டாங்க: காவல் அதிகாரம் ஆறு ஆறு மாசம் முறை வச்சு.

ரெண்டு பேர் ஒரே ஃபைலை ஒரே நேரத்துல திருத்தாம இருக்க லாக் போடுவோம் இல்லையா, அதே டெக்னிக். லாக் ஆறு மாசத்துக்கு ஒருத்தர் கையில. எல்லாத்தையும் யோசிச்சிருக்காங்க. பிரெஞ்சுக்காரன் தப்பு பண்ணினா பிரான்ஸ் கோர்ட்டு, ஸ்பெயின்காரன் பண்ணினா ஸ்பெயின் கோர்ட்டு. நீங்களோ நானோ போய்த் தகராறு பண்ணினா, அன்னைக்கு யாரோட முறையோ அவங்க கோர்ட்டு. பொறுப்பு ரெண்டு நாட்டுக் கடற்படை அதிகாரிகள்கிட்ட: பயோன்ல ஒருத்தர், சான் செபாஸ்தியான்ல ஒருத்தர். அவங்களைத் தீவோட 'வைஸ்ராய்'னே சொல்றாங்க. ரெண்டு ஏக்கருக்கு வைஸ்ராய்! நிஜ வேலை என்னன்னா புல்லு வெட்டறது, மரம் கழிக்கிறது. அதையும் இரூன், ஆந்தாய் நகராட்சி ஆளுங்கதான் பண்றாங்க. பொதுமக்கள் சாதாரணமா உள்ள போக முடியாது.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே படிக்கலாம். ஆனா தீவைச் சுத்தி ஓடுற ஆத்துக் கதை வேற.

1995 மார்ச்ல ஷெங்கன் ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததும் இரூன்-ஆந்தாய் எல்லையில சோதனை நின்னுச்சு. இரூன்ல ரயில் ஏறினா சில நிமிஷத்துல ஆந்தாய். 2015 நவம்பர்ல பாரிஸ் தாக்குதல் நடந்த சமயத்துல பிரான்ஸ் எல்லைச் சோதனையைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. தற்காலிகம்னுதான் சொன்னாங்க. 2025-லயும் அதை ஆறு ஆறு மாசமா நீட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆமா, இங்கயும் அதே ஆறு மாசம்தான்.

பாலத்துல எல்லாரையும் நிறுத்தறதில்லை. நிறத்தைப் பார்த்து நிறுத்தறாங்கன்னு உள்ளூர் உதவி அமைப்புகள் ரொம்ப நாளா சொல்றாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து படகுல கேனரி தீவுகளுக்கு வந்து, அங்கிருந்து இரூன் வரைக்கும் வந்து சேர்ற பசங்க, பாலத்துல திருப்பி அனுப்பப்பட்டா ஆத்துல இறங்கறாங்க. பார்க்க அகலம் கம்மியாத்தான் தெரியும், அக்கரை விளக்கு கைக்கு எட்டுற தூரம். ஆனா கடல் பக்கத்துல இருக்கிறதால ஏத்தவத்தத்துல இழுப்பு ஜாஸ்தி. அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தவங்க, 2021-ல இருந்து பலர், இந்தச் சின்ன ஆத்துல மூழ்கிச் செத்திருக்காங்க.

இந்த ஆத்துல அப்படிச் சாகறது முதல் தடவை இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்துல, சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளை பெல்ஜியத்துல இருந்து ரகசியமாத் தப்ப வைக்க 'கோமெட்' பாதைன்னு ஒண்ணு இருந்துச்சு. ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவங்க ஆந்த்ரே தெ யோங்க்னு இருபத்தஞ்சு வயசு கூட ஆகாத ஒரு பொண்ணு. ராத்திரி ஆத்தைக் கடத்திவிட்டது ஃப்ளோரென்தினோ கோயிகோயெச்சேயான்னு ஒரு பாஸ்க் கடத்தல்காரர். சரக்கு கடத்தின அதே வழியில ஆளுங்களைக் கடத்தினார். 1943 ஜனவரியில ஆத்துல வெள்ளம்னு கரைக்கு இந்தப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுல காத்திருந்தப்பதான் ஆந்த்ரே ஜெர்மன்காரங்ககிட்ட மாட்டினாங்க. அதே வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கின சமயத்துல ஒரு ராத்திரி, தீவுக்கு மேல மலைப்பக்கம் ஆத்தைக் கடக்கும்போது, பாதையோட தலைவர்கள்ல ஒருத்தரான அந்த்வான் துர்செல், ஜேம்ஸ் பர்ச்னு ஒரு அமெரிக்க விமானி, ரெண்டு பேரும் அடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவங்க போன திசை மட்டும் நேர் எதிர்: பிரான்சுல இருந்து ஸ்பெயினுக்கு.